கூட்டல் அக்காவின் மைனஸ்

கணித மென்பொருள் செய்யும் அந்த நிறுவனத்தில் அவளுக்குக் கூட்டல் அக்கா என்று பெயர். முடிவில்லாத தொடர்களைக் கூட்டுவதும், முரண்டு பிடிக்கிற சார்புகளைத் தொகையிட்டு விடையைச் சூத்திரமாகவே தருவதுமான பகுதி அவள் பொறுப்பு. ஒரு காலத்தில் அந்த அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். வண்ணப் படம் வரைகிற பகுதிக்குத்தான் கிராக்கி என்றானதும் மற்றவர்கள் ஒவ்வொருவராக மேல்மாடிக்குப் போய்விட்டார்கள். பதினோரு வருடமாக ஐந்து மேசைக்கும் அவள் ஒருத்திதான். காலையில் ஜன்னலோர மேசை, வெயில் ஏறியதும் சுவரோர மேசை.

“முடிவே இல்லாததைக் கூட்டுறதுக்கு ஒரு வேலையா?” என்று தங்கையின் கணவர் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். முதல் தடவை உண்மையாகவே சிரித்தாள். பிறகு அவர் மனம் நோகக் கூடாதே என்று சிரித்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு புகார் வந்தது. எழுதியவர் பள்ளிக்கூட இயற்பியல் வாத்தியார். அதிர்வுக் கணக்குகளில் வருகிற பெசல் சார்பு ஒன்றை முடிவிலி வரை தொகையிடும்போது, உள்ளே மைனஸ் எண் கொடுத்தால் விடையும் மைனஸாக வருகிறது, பிளஸ் அல்லவா வர வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தார்.

அவள் தாளில் போட்டுப் பார்த்தாள். அந்தச் சார்பின் வளைகோடு இடமும் வலமும் ஒன்றுபோல இருப்பது. குறி மாறினாலும் விடை மாறக் கூடாது. வாத்தியார் சொன்னதுதான் சரி. ‘எண் பிளஸாக இருந்தால் மட்டும்’ என்ற நிபந்தனையை யாரோ எழுதாமல் விட்டிருந்தார்கள். யாரென்று பழைய பதிவுகளைத் தோண்டினாள். அவள் பெயர்தான் இருந்தது. தேதியைப் பார்த்தாள். அவள் கணவர் இறந்த மூன்றாவது வாரம். லீவு எடு என்று எல்லோரும் சொல்லியும், வெறும் வீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் இங்கே வந்து எழுதியது.

பத்து நிமிடத்தில் திருத்திவிட்டாள். அடுத்த பதிப்பில் ‘சிறு திருத்தங்கள்’ என்று ஒரு வரி போட்டால் போதும் என்றார் மேலாளர். அவளுக்கு அது போதவில்லை. வாத்தியாருக்கே போன் செய்தாள்.

அவர் நிதானமாகப் பேசினார். தானும் கூடப் படித்த நண்பரும் வட்டத் தகட்டின் அதிர்வு பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்ததாகவும், இந்த ஒரு விடையில் வாக்குவாதம் முற்றியதாகவும் சொன்னார். மென்பொருளைவிட நீ பெரிய ஆளா என்று கேட்டுவிட்டுப் போன நண்பர் அதன்பின் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லையாம்.

“நான்தான் தப்புன்னு ரெண்டு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேம்மா.”

“தப்பு என்னோடது சார். அந்த வரியை எழுதினது நான்தான்.”

திட்டப் போகிறார் என்று காத்திருந்தாள்.

“இதை ரெண்டு வரி எழுதித் தர முடியுமா? நான் சொன்னா அவன் நம்ப மாட்டான்.”

அன்று மதியம் சாப்பாட்டை மறந்து அந்த நண்பருக்குக் கடிதம் எழுதினாள். எந்த வரியில், எந்த நிபந்தனை விட்டுப்போனது என்று விளக்கி, கீழே கையெழுத்துப் போட்டாள். ஏன் விட்டுப்போனது என்று மட்டும் எழுதவில்லை.

மூன்று வாரம் கழித்து வாத்தியாரிடமிருந்து நாலு வரி வந்தது. நண்பர் வந்தாராம், மன்னிப்பெல்லாம் கேட்கவில்லையாம், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கே விட்டோம் என்றாராம்.

அவள் அதைப் பலமுறை படித்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தங்கையைக் கூப்பிட்டாள்.

“என்னக்கா, இந்நேரத்துல? உடம்புக்கு எதுவுமில்லையே?”

பெசல் சார்பில் ஆரம்பிப்பதா, அந்த மூன்றாவது வாரத்தில் ஆரம்பிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“ஒண்ணுமில்லடி. சும்மாதான்” என்றாள்.

தங்கை அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று போனை வைத்தாள். வெயில் ஜன்னலோர மேசையைத் தொட்டிருந்தது. அவள் தாள்களை அள்ளிக்கொண்டு சுவர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.