மஞ்சலில் ஏறாத பெண்

அந்தக் கோடை விடுமுறைக்குப் பொன்முடி மலைக்குப் போவது என்று நாங்கள் முடிவு செய்தபோது, கோட்டைக்குள் எங்கள் தெருவில் யாரும் அப்படி ஒரு காரியத்தைச் செய்ததில்லை. விடுமுறை என்றால் திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ போய், உறவுக்காரர் வீட்டுக் கூடத்தில் சாய்ந்து கிடந்து, மாம்பழம் தின்று, ஒரு சுற்றுப் பெருத்துத் திரும்புவது. மலைக்குப் போவதெல்லாம் துரைமார் பழக்கம். அதனால்தானோ என்னவோ எனக்கு அதில் ஒரு பெருமை. இப்போது நினைத்தாலும் கழுத்து சற்று நிமிர்கிறது. அடக்கமெல்லாம் எனக்கு வராது.

பொன்முடியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் சித்தப்பா பிள்ளை கணக்கெழுதிக்கொண்டிருந்தான். வருஷா வருஷம் வரச் சொல்லிக் கடிதம் போடுவான். நாங்களும் வருஷா வருஷம் பார்க்கலாம் என்று பதில் போடுவோம். அந்த வருஷம் அவன் வீட்டுக்குப் பக்கத்து வீடு சித்திரையாகிய மேட மாதக் கடைசியில் ஒரு வாரம் காலியாக இருக்கும் என்று எழுதியிருந்தான். அதை விட்டால் இடவப்பாதிப் பருவமழை பிடித்துக்கொள்ளும். பிறகு மலையில் அட்டைகள்தான் சுகமாக இருக்கும். இந்தத் தடவை பார்க்கலாம் என்று எழுதவில்லை, வருகிறோம் என்று நானே எழுதிப் போட்டுவிட்டேன்.

என் கணவருக்குச் சர்க்கார் கச்சேரியில் வேலை. நல்ல மனிதர். ஆனால் பஞ்சாங்கத்தைப் பிரிக்காமல் நகம்கூட வெட்ட மாட்டார். மூத்த பையன் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான், சின்னவன் பள்ளிக்கூடத்தில். இருவருக்கும் நடுவில் பெண், வயது பதினைந்து. மலை என்றதும் மூத்தவனுக்குத் தலைகால் புரியவில்லை. நெடுமங்காடு, விதுரா, கல்லாறு என்று ஒரு படம் வரைந்து சுவரில் ஒட்டினான். விதுரா வரை பஸ், அங்கிருந்து கல்லாற்றுக்கு மாட்டு வண்டி, கல்லாற்றிலிருந்து மலைமேல் நடை. சாலைக் கடைத்தெருவில் தனக்கும் தம்பிக்கும் கான்வாஸ் பூட்ஸ் வாங்கிக்கொண்டு வந்து கூடத்தில் டக்டக் என்று நடந்து காட்டினான். பெண்கள் கூட வந்தால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்கள், எல்லாருக்கும் தாமதம் என்றும் சொல்லிவைத்தான்.

அவன் அப்பாவும் அதைத்தான் வேறு மாதிரி சொன்னார். பெண்ணுக்கு வரன் பார்க்கிற வயசு. வெயிலில் மலை ஏறிக் கறுத்துப்போய் வந்து நின்றால் யார் பதில் சொல்வது? கல்லாற்றில் மஞ்சல் கிடைக்கும், இரண்டு ஆள் மூங்கிலில் கட்டித் தூக்கிக்கொண்டு போவார்கள், மேலே துணி போட்டு மூடிக்கொள்ளலாம். அவள் மஞ்சலில் வருவதானால் வரலாம், இல்லாவிட்டால் திருநெல்வேலியில் தன் அக்கா வீட்டில் இருக்கட்டும் என்றார். மஞ்சலுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி என் சித்தப்பா பிள்ளைக்குக் கடிதமும் போட்டுவிட்டார்.

என் பெண் எதையும் சீக்கிரம் கேட்கிறவள் அல்ல. அன்று நான் அரைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குழவியைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா, நான் நடந்து ஏறணும். மூட்டை மாதிரி என்னைத் தூக்கிண்டு போறதானா, நான் வரவே இல்லை."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அழவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. அதனால்தான் எனக்கு உறைத்தது. பிடிவாதம் என்னிடமிருந்து வந்தது, எனக்குத் தெரியாதா? அவள் நடந்துதான் ஏறப்போகிறாள் என்று அன்றைக்கே எனக்குள் முடிவு செய்துகொண்டேன். அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

பையன்கள் மைதானத்துக்குப் போய் ஓடிப் பழகினார்கள். பெண் எங்கே போய்ப் பழகுவாள்? அந்தக் காலத்தில் வயசு வந்த பெண் காரணமில்லாமல் தெருக்கோடி வரை நடந்தாலே நான்கு கதவுகள் திறக்கும். ஆனால் கோவிலைச் சுற்றுவதை யார் தடுக்க முடியும்? விடியற்காலையில் அவளைக் குளிக்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கோவிலைச் சுற்றியிருக்கும் நான்கு தெருவையும் வலம் வந்தோம். முதல் நாள் ஒரு சுற்று, பிறகு கூட்டிக்கொண்டே போனோம். கிழக்கு நடைப் படிகளில் ஏறி இறங்குவதையும் சேர்த்துக்கொண்டோம். படி ஏறும்போது ஒரு குடம் தண்ணீரை அவள் இடுப்பில் வைத்தேன். வழியில் யாராவது கேட்டால் அபிஷேகத்துக்கு என்று சொல்ல வேண்டியதில்லை, அவர்களே சொல்லிக்கொள்வார்கள். பெருமாளிடம் மட்டும் ஒளிக்கவில்லை. இது கால் பலத்துக்கு, தப்பாக நினைத்துக்கொள்ளாதே என்று முதல் நாளே மனதுக்குள் சொல்லிவிட்டேன்.

பிரதட்சிணத்தில் ஓடக் கூடாது, நடுவில் நிற்கவும் கூடாது. மெதுவாக, ஒரே சீராக, மூச்சு வாங்காமல் நடக்க வேண்டும். மூன்றாவது வாரத்தில் என் பெண்ணுக்கு அந்த நடை வந்துவிட்டது. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அது வேறு விஷயம்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. தெருவில் பேச்சு எழுந்தது. இந்தச் சின்ன வயசில் இப்படி ஒரு நேர்ச்சையா என்று கடைசி வீட்டு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணம் கூடிவரத்தான் பெண் இப்படிச் சுற்றுகிறாள் என்று அவளாகவே தீர்மானித்து, நாகர்கோவிலில் இருந்த தன் ஒன்றுவிட்ட தங்கைக்கு எழுதியும் போட்டுவிட்டாள். இந்தக் கடித விஷயம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு நேரத்தில் சுற்றியிருப்பேன்.

இதற்கிடையில் பலகாரங்கள் தயாராயின. நேந்திரங்காய் வறுத்த உப்பேரி, சத்துமாவு, புளிக்காய்ச்சல், எண்ணெய் தடவிய மிளகாய்ப்பொடி தோசை, சுக்கு, அட்டைக்கு ஒரு மூட்டை உப்பு. பஸ் புதன்கிழமை. அங்கேதான் என் கணவர் பஞ்சாங்கத்தோடு வந்து நின்றார். புதன்கிழமை வடக்கே சூலம். மலையோ வடக்கே. பஸ்ஸை மாற்ற முடியாது, சூலத்தையும் மாற்ற முடியாது.

அதற்கும் எங்களிடம் வழி உண்டு. பரஸ்தானம் என்று பெயர். நல்ல நாளில், நல்ல வேளையில் பயணச் சாமான்களைக் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு நாம் எந்த நாளில் கிளம்பினாலும் தோஷமில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரே முன்னின்று இரண்டு டிரங்குப் பெட்டியையும் கடைசி வீட்டு மாமியின் ரேழியில் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து, பையன்களை நிற்க வைத்து ஒரு பிரசங்கம் செய்தார். பரஸ்தானம் வைத்த சாமான் பயணம் போகாமல் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. திரும்பினால் அந்த வீட்டில் சுபகாரியம் எதுவும் சீக்கிரம் கூடாது. மூத்தவனுக்கு ஒரு சட்டை வேண்டியிருந்தது. அதைக்கூட எடுக்க விடவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாகர்கோவிலிலிருந்து கடிதம் வந்தது. பெண்ணின் பக்தியைப் பற்றிக் கேள்விப்பட்டோம், வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். நல்ல குடும்பம், பையன் வக்கீலுக்குப் படித்தவன். என் கணவர் கச்சேரியிலிருந்து வந்து அதைப் படித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. மலை அதோடு முடிந்தது என்று எனக்குப் புரிந்தது. அடுத்த வாரம் மலையில் நாங்கள் தங்கவிருந்த வீட்டுக்கு ஆள் வந்துவிடுவார்கள், பிறகு மழை. அடுத்த வருஷம் என் பெண் யார் வீட்டில் இருப்பாளோ? அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் மூடி போடாத உப்பேரி டின்.

"பயணம் வேண்டாம். பிள்ளைகள்ட்ட சொல்லிடு," என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். "சரி, வேண்டாம். கடைசி வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துண்டு வந்துடுங்கோ," என்றேன்.

மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வாசற்படி வரை போனார். அங்கேயே நின்றார். முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெண் பார்க்க வருகிற வாரத்தில், சுபகாரியம் கூட வேண்டிய வீட்டில், பரஸ்தானப் பெட்டியை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது? ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் அவருடைய வாயிலிருந்தே வந்தது, எல்லார் காதிலும் விழுந்தது. திரும்பி வந்து துண்டை ஆணியில் மாட்டினார். உட்கார்ந்து நாகர்கோவிலுக்குப் பதில் எழுதினார்: முன்பே புறப்பட்டாகிவிட்டது, அடுத்த வாரம் வரலாம். எழுதி முடித்து என்னைப் பார்த்து, "மஞ்சல்லதான் வரணும், கேட்டியா," என்றார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று அவர் கவனிக்கவில்லை.

புதன்கிழமை இரவு கல்லாற்றங்கரையில் ஒரு கடைக்காரர் ஒழித்துக் கொடுத்த கொட்டகையில் தங்கி, காலையில் புறப்பட்டோம். மஞ்சல் வந்து நின்றது. பெண் அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "கொஞ்ச தூரம் நடக்கறேன் அப்பா, முடியலேன்னா ஏறிக்கறேன்," என்றாள். காலை வெயில் இன்னும் ஏறவில்லையே என்று அவரும் சரி என்றார். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். நான் ஒன்பது கஜத்தை மடிசாராகக் கட்டியிருந்தேன். மலை ஏறுவதற்கு அதைவிட நல்ல உடுப்பை எந்தத் துரைசானியும் கண்டுபிடிக்கவில்லை.

பையன்கள் பாய்ந்து முன்னே போனார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் மேலிருந்து கையை ஆட்டிக் கேலி செய்தார்கள். அவள் கோவிலைச் சுற்றிய அதே நடையில் போய்க்கொண்டிருந்தாள். காலி மஞ்சல் பின்னாலேயே வந்தது. அவர் நிமிஷத்துக்கொரு தரம் திரும்பி, "க்ஷீணமா இருந்தா ஏறிக்கோ குழந்தே," என்று சொல்லிக்கொண்டே வந்தார். கொஞ்ச தூரத்தில் சொல்வதை நிறுத்தினார், பேச மூச்சில்லை.

பாதி மலையில் ஒரு பாறைமேல் பையன்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவன் பூட்ஸைக் கழற்றியிருந்தான். புதுக் கான்வாஸ் கடித்துக் குதிகாலில் கோலிக்குண்டுபோல் கொப்புளம். இன்னொரு அடி எடுத்து வைக்க முடியாது என்றான். படம் வரைந்தவன், பெண்கள் தாமதப்படுத்துவார்கள் என்றவன், அந்த மஞ்சலில் ஏறிப் படுத்துக்கொண்டான். மஞ்சல்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தூக்கினார்கள். நான் அடக்கவில்லை. அவள் மட்டும் அண்ணாவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி நடந்தாள்.

மத்தியானம் மேகம் இறங்கியது. கடைசி ஏற்றத்தில் முன்னால் போனவளைக் காணவில்லை. அவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஏறினார். மேகம் விலகியபோது மேலே புல்வெளி விளிம்பில் அவள் நின்றிருந்தாள். காற்றில் தாவணி பறந்தது. முகம் செம்பு போலச் சிவந்து, வியர்த்து, அப்படியொரு சந்தோஷம். எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். நான் பெற்ற பெண், தன் காலால் அங்கே போய் நின்றாள். உட்கார்ந்து அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. அவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

ஒரு வாரம் புல்மேடுகளிலும் ஓடைகளிலும் திரிந்துவிட்டு இறங்கி வந்தோம். நினைத்தபடியே நன்றாகக் கறுத்திருந்தாள். வரன் வீட்டார் வருகிற நாள் காலையிலிருந்து அவர் எல்லாருக்கும் பாடம் நடத்தினார். யாராவது கேட்டால் திருநெல்வேலிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம், அங்கே வெயில் அதிகம். மலை என்ற பேச்சே கூடாது. எனக்கு மனசு ஆறவில்லை. ஆனாலும் வருகிறவர்கள் வாசலில் நிற்கும்போது சண்டை போடுகிற அளவுக்கு நான் போகவில்லை.

அந்த வரன் அமையவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்றவர்கள் எழுதவில்லை. அதைவிட நல்ல இடம் பிறகு வந்தது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த மத்தியானம்தான்.

பெண் வந்து நமஸ்காரம் செய்துவிட்டு, சொல்லிக் கொடுத்தபடி தலையைக் குனிந்துகொண்டு பாயில் உட்கார்ந்தாள். நான் காபி டம்ளர்களோடு கதவோரம் நின்றிருந்தேன். பையனின் அப்பா அவளை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, பெண் ரொம்ப வெயிலில் அலைந்தவள் போலத் தெரிகிறதே என்றார். என் கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். திருநெல்வேலி வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"பொன்முடி ஏறினா," என்றார். "மஞ்சல் பின்னாடியே வந்தது, ஏறிக்கலை. நடந்தே ஏறி எங்க எல்லாருக்கும் முன்னாடி மேல போய் நின்னா. நான் பார்த்தேன். என் பொண்ணாக்கும்."

பெண் பார்க்க வந்திருக்கும்போது தலை நிமிரக் கூடாது. அவள் நிமிர்ந்தாள். வந்தவர்களைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொள் என்று நான் கதவோரத்திலிருந்து கண்ணைக் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. காபி ஆறட்டும், அவள் பார்க்கட்டும் என்று அப்படியே நின்றேன்.