ஹப்புத்தளை இறக்கத்தில் ஒரு லைசன்ஸ் பரீட்சை

பதுளை, புதன்கிழமை, காலை ஆறு மணி.

இங்கிலாந்தில் சந்தியே இல்லாத சாலைகள் உண்டாம். போக மூன்று தடம், வர மூன்று தடம். எதிரே வண்டி வராது, மாடும் வராது. மணிக்கு எழுபது மைலைத் தாண்டினால்தான் பொலிஸ் பிடிக்குமாம். நூலகத்தில் ஒரு சஞ்சிகையில் இதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுபது மைல்! பண்டாரவளைக்குப் பதினெட்டு மைல். கால் மணியில் போய் நிற்கலாம். எங்கள் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் டிரைவர் வெற்றிலை வாங்க இறங்காவிட்டால்.

நம்மிடம் இருப்பதில் பெரிய இறக்கத்தையாவது பார்த்துவிடுவோம் என்று, வாப்பாவின் கடையில் உப்பும் சலவைச் சவர்க்காரமும் ஏற்ற வந்த ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டத்து லொறியில் தொற்றிக்கொண்டேன். ஓட்டியவர் சின்னையா அண்ணன். இந்தியா போக அவருக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அடுத்த மாதம் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பல் ஏறுகிறார். காலியாகும் அவருடைய இடத்துக்குத்தான், பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தார் ஆறுமுகம். தோட்டத்தில் கொழுந்து ட்ராக்டர் ஓட்டுபவர். அன்று ஹப்புத்தளையில் அவருக்கு லொறி லைசன்ஸ் பரீட்சை. சின்னையா கப்பல் ஏறுவதற்குள் தேறாவிட்டால் டவுனிலிருந்து வேறு ஆளைப் போடுவதாக ஆபீசில் சொல்லியிருந்தார்கள். ஆறுமுகத்தின் மனைவி லெட்சுமி அக்கா, கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஒரு நாள் லீவு எடுத்து, மடியில் எலுமிச்சம்பழங்களோடு வந்திருந்தார்.

எழுபது மைல் கதையைச் சொன்னேன்.

“எங்க போய்ச் சேர அம்புட்டு அவசரம்?” என்றார் சின்னையா.

“அங்க வளைவே இல்லையாம், அண்ணே.”

“வளைவு இல்லாட்டி தூக்கம்ல வரும்!”

“இவரு நேர் ரோட்டுலயே கோணலாத்தான் போவாரு” என்றார் லெட்சுமி அக்கா, கணவரைப் பார்த்து.

“வாயக் கட்டு புள்ள. இன்னைக்கு ஒரு நாளைக்காவது.”

ஒன்பதரை மணி. ஹப்புத்தளை.

கடைத்தெருவின் ஒரு முனையில் நின்றால் பதுளைப் பக்கத்து மலைகள். மறு முனைக்குப் போனால் பூமி சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே வெறும் மூடுபனி. அதற்குள்தான் பெரகல ரோடு இறங்குகிறது, ஏறக்குறைய ஆறு மைல்.

பரீட்சகர் சிங்களவர், தமிழைத் தயங்கித் தயங்கிப் பேசினார். லெட்சுமி அக்கா முன் டயர்களுக்கடியில் பழத்தை வைத்தபோது, “இதுக்கு மார்க் இல்ல, அம்மா” என்றார். பிறகு ஏற்றத்தில் லொறியை நிறுத்தச் சொல்லி, பின் டயரை ஒட்டி ஒரு தீப்பெட்டியை வைத்தார். வண்டியை முன்னால் எடுக்கவேண்டும். எடுக்கும்போது கொஞ்சம் பின்வாங்கினாலும் பெட்டி நசுங்கிவிடும். நான் தரையில் குனிந்தே பார்த்தேன். அத்தனை பாரமும் ஒரு நொடி நடுங்கியது, பிறகு வழுக்காமல் மேலே நகர்ந்தது. பரீட்சகர் அந்தப் பெட்டியை எடுத்து, அதிலேயே ஒரு குச்சி உரசி சிகரெட்டைப் பற்றவைத்தார். சின்னையா விசிலடித்தார்.

அடுத்தது இறக்கம். முன்னால் ஆறுமுகமும் பரீட்சகரும். பின்னால் மூட்டைகள் மேல் நாங்கள் மூவர். இரண்டாவது வளைவில் மூடுபனி கிழிந்தது. அல்லாவே! காலடியில் தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே காடு, அதற்கும் அப்பால் தெற்குச் சமவெளி முழுவதும் வெயிலில் கிடந்தது. தொடுவானத்தில் மின்னிய கோடு கடல் என்றார் சின்னையா. நான் நம்பினேன்.

வண்டி திடீரென்று லேசானது. எஞ்சின் உறுமல் அடங்கி, காதில் காற்று மட்டும். தேயிலை வரிசைகள் ஓடின. இதுதான், நான் தேடி வந்த வேகம் இதுதான் என்று எழுந்தே நின்றுவிட்டேன்.

லெட்சுமி அக்கா மூட்டைகள் மேல் தவழ்ந்து போய், முன்கூண்டின் பலகையில் இரண்டு கைகளாலும் அடித்தார். “கியரப் போடுங்க! என்னாங்க, கியரு!”

பிரேக் அலறியது. கருகிய வாசம். வேகம் குறைந்து, கியர் கரகரவென்று விழுந்து, எஞ்சின் மறுபடி உறுமியபோது வளைவில் பஸ் ஒன்று மேலேறி வந்தது. லொறி கரையோரம் நின்றது. ஒரு சாண் இடைவெளியில் கடந்துபோன பஸ்ஸின் ஜன்னலில் ஒரு கைக்குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் மெல்ல மூட்டைகள் மேல் உட்கார்ந்தேன்.

ஆறுமுகத்தின் கை, பழக்கத்தில், நியூட்ரலுக்குப் போயிருந்தது. டீசலுக்குத் தட்டுப்பாடான காலம். இறக்கத்தில் ட்ராக்டரைச் சும்மா உருளவிட்டு எண்ணெய் மிச்சப்படுத்துபவனுக்குத்தான் ஆபீசில் நல்ல பெயர். பின்னால் பெட்டியில் கொழுந்தோடு உட்கார்ந்து வரும் பெண்களுக்கோ வேறொரு பழக்கம். எவ்வளவு சிரிப்பும் பேச்சுமாக இருந்தாலும் ஒரு காது எஞ்சினில்தான். சத்தம் செத்தால் எல்லோருமாகப் பலகையைத் தட்டுவார்கள். கியர் விழும்வரை விடமாட்டார்கள். இதைச் சின்னையா சொல்லி முடித்தபோதும் லெட்சுமி அக்கா பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை.

பரீட்சகர் கீழே இறங்கினார். “இன்னைக்கு பெயில்” என்றார். மேலே பார்த்து, “அந்த அம்மா தட்டினதாலதான் இத நான் சொல்றேன். இல்லாட்டி சொல்ல ஆள் இல்ல. ரெண்டு கிழமையில திரும்ப வாங்க.”

பெரகலச் சந்தி வரை சின்னையா ஓட்டினார். தேநீர்க் கடையில் ஆறுமுகம் பிளேன்டீயைத் தொடவில்லை. “அடிச்சிக் கெடுத்துட்டா” என்று முணுமுணுத்தார்.

“ஆமா, கெடுத்துட்டேன். இங்க ஒக்காந்து என்னைய ஏசுறதுக்கு ஆளு மிச்சமா இருக்கில்ல? டீயக் குடிங்க, ஆறுது.”

அங்கிருந்து பஸ்ஸில் வீடு திரும்பினேன். ஹாலிஎலவுக்கு முந்திய இறக்கத்தில் எஞ்சின் ஓசை அடங்கியது. என் கை தானாகப் பக்கத்துத் தகரத்தைத் தட்டியது.

“என்ன தம்பி, எறங்கணுமா?” என்றார் கொண்டக்டர்.

“இல்ல, கியர்...” என்றேன். பஸ்ஸே சிரித்தது. ஆனால் டிரைவர் கியரைப் போட்டார்.

இங்கிலாந்துக்காரனின் எழுபது இன்னமும் என் கனவில் வருகிறது. அங்கே யார் பலகையைத் தட்டுவார்கள் என்றும் இப்போது யோசிக்கிறேன்.

பதினான்கு நாள் கழித்து, மறு பரீட்சைக்கும் போனேன். அதே மூட்டைகள், அதே மூடுபனி. லெட்சுமி அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அமுக்கி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். இரண்டாம் கியரில், நடைவேகத்துக்குச் சற்றே கூடுதலாக, எஞ்சின் பெரகல வரை உறுமிக்கொண்டே வந்தது. அந்த உறுமலைப்போல் ஓர் இனிய ஓசையை நான் கேட்டதில்லை.

சந்தியில் பரீட்சகர் தாளில் கையெழுத்திட்டு ஆறுமுகத்திடம் நீட்டினார். “இன்னைக்கு அம்மா தட்டலையே?”

“தட்ட விடலியேங்க அவரு” என்றார் லெட்சுமி அக்கா, கைகளை வெளியே எடுத்து. உள்ளங்கை இரண்டிலும் சாக்கின் நெசவு அப்படியே பதிந்திருந்தது.