லியோகாடியாவின் இருபது தக்கைகள்

லியோகாடியா வலடாரெஸ் பின்யோ, பிறப்பு 1963. போர்ச்சுகலின் வடக்கே லூரோசாவில், 1986 முதல் ஒயின் புட்டிகளை அடைக்கும் தக்கைகளின் சோதகர். தோள்வரை கையைத் தக்கை மூட்டைக்குள் விட்டபடியே பேசுவார். எந்த மூட்டை, மணிக்கட்டு ஆழமா, முழங்கை ஆழமா, தோள் ஆழமா என்பதை அவர் முடிவு செய்வதில்லை. பழைய காலுறை ஒன்றில் போட்டுக் குலுக்கிய, எண் பொறித்த லோட்டோக் காய்கள் முடிவு செய்யும். "கண்ண மூடிக்கிட்டு எடுத்தாலும் கை தனக்குப் புடிச்சதத்தான் எடுக்கும். அது களவாணி" என்பார்.

இருபது தக்கைகளை இருபது கோப்பை வெள்ளை ஒயினில் ஓரிரவு ஊறவைத்து, காலையில் முகர்வார். ஈரச் சாக்கின் நெடி அடித்தால் அத்தக்கை கெட்டது. ஒன்று கெட்டிருந்தால் சரக்கு தேறும், இரண்டென்றால் திரும்பிவிடும். நூற்றுக்கு இரண்டே கெட்டவை கலந்த நல்ல சரக்கும், இந்த விதியின்படி, நூற்றில் ஆறு முறை தோற்கும் என்று அவரே கணக்கிட்டு வைத்திருக்கிறார். "அந்த ஆறு பேரு யாருன்னு தெரிஞ்சா வீட்டுக்கே போய் மன்னிப்பு கேட்டுருவேன். தெரியாதே, என்ன செய்ய?"

சோதனை நாட்களில் வெங்காயம் தொடமாட்டார். பிறர் பூசிவரும் வாசனைத் தைலத்துக்கு அஞ்சித் தேவாலயத்தில் கடைசி வரிசையில் அமர்வார். உறவினர் சரக்கைச் சோதிக்கமாட்டேன் என்று மட்டும் சொல்வதில்லை; சொன்னால் இந்த ஊரில் அவருக்கு வேலையே இராது.

2024 அக்டோபரில் அக்காள் கணவர் அல்பானோ, தம் சிறு ஆலையின் பருவச் சரக்கு முழுவதையும் அனுப்பினார். அது திரும்பினால் ஆலையைக் குளிர்காலத்துக்கு மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. மைத்துனிக்குச் சிரமம் வேண்டாமென்று இருபது தக்கைகளைத் தாமே எடுத்துக் கொடுத்திருந்தார். ஊறவைத்து முகர்ந்ததில் ஒன்றிலும் நெடியில்லை. முடிவறிய அல்பானோ நேரில் வந்திருந்தார். லியோகாடியா அவற்றை வரிசையாக அடுக்கி, அவற்றில் தெரிந்த மரப்பட்டையின் வளர்ச்சி ரேகைகளை நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சுத்தந்தான் அத்தான். ஆனா செல்லாது."

"சுத்தமா இருக்கறதும் ஒரு குத்தமா?"

"இருபது வீட்டுல கேட்டுட்டு வாங்கன்னா, ஒரே வீட்டுக் கதவ இருபது தடவ தட்டிட்டு வந்திருக்கீங்க. ரேகையப் பாருங்க, அத்தனையும் ஒரே பட்டை. மூட்டை வாயிலேருந்து ஒரே அள்ளா அள்ளினீங்களா?"

அல்பானோ தொப்பியைக் கழற்றினார். "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு உப்புமீனுக்கு மட்டும் அந்த மூக்கு உறவு கொண்டாடுது."

"மூக்குக்கு உறவு தெரியும். கணக்குக்குத் தெரியாது."

ஒன்றையொன்று சாராத இருபதுதான் இருபது. ஒரே பட்டையில் குடைந்தெடுத்த இருபது, அவர் கணக்கில், ஒன்று. காய்களைக் குலுக்கி, எல்லா மூட்டைகளிலிருந்தும் புதிதாக எடுத்து ஊறவைத்தார்.

மறுநாட்காலை அல்பானோ சுவரோரம் நின்றார். ஏழாம் கோப்பையில் நெடி இருந்தது. லியோகாடியா அதைத் தனியே நகர்த்திவிட்டு எட்டாவதை எடுத்தார். பத்தொன்பது முடிந்தபோது தனியே நின்றது அந்த ஒன்றுதான்.

இருபதாவதை வழக்கத்தைவிட நிதானமாக முகர்ந்தார். நெடியில்லை. சோதனை ஒயினை யாரும் குடிப்பதில்லை, தொட்டியில் கொட்டிவிடுவார்கள். லியோகாடியா தக்கையை விரலால் எடுத்து வைத்துவிட்டு, அல்பானோவைப் பார்த்துக் கோப்பையை உயர்த்தி, ஒரே மூச்சில் குடித்தார். சோதனைக் கோப்பையிலிருந்து அவர் முதலும் கடைசியுமாகக் குடித்தது அன்றுதான்: 2024 அக்டோபர் 10, வியாழக்கிழமை.