கெல்சி கேட்டு வாங்கிய வகுப்பு

அந்த ஜூன் மாதம் கெல்சி வீன்ஸ்ட்ராவுக்கு எங்கே உட்கார்ந்தாலும் கண் சொருகியது. தேவாலயத்தில் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நிற்கும்போது முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். பக்கத்து வீட்டுக்காரி என்பதால் எனக்குக் காரணம் தெரியும். அவள் அம்மா லோர்னா நரம்பு நோய் வந்து சக்கர நாற்காலியில் இருந்தாள். அப்பா டுவேன் லாரி ஓட்டுபவர். அயோவாவிலிருந்து பன்றித் தீவனம் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் வாரக்கடைசியில்தான் முகத்தைப் பார்க்க முடியும். அம்மாவைக் குளிப்பாட்டி, தம்பிகள் இருவருக்கும் சமைத்துப் போட்டு, பாத்திரம் கழுவிய பிறகுதான் கெல்சி புத்தகத்தைத் திறப்பாள்.

அப்படியும் பள்ளிக் கடைசி வருஷத்தில் வேதியியலிலும் கணக்கிலும் ஏ.பி. என்னும் கல்லூரித் தரத் தேர்வு எழுதியிருந்தாள். அதில் நல்ல மதிப்பெண் வந்தால் அந்தப் பாடங்களின் முதல் வகுப்பைக் கல்லூரியில் படிக்க வேண்டாம், நேராக இரண்டாவதுக்குப் போகலாம். மதிப்பெண் ஜூலையில்தான் வரும். வகுப்புகளுக்கோ ஜூனிலேயே பதிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு போனால் இடம் கிடைக்காது.

பதிவு நாளன்று டுவேன் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு மகளைத் தானே கல்லூரிக்குக் கூட்டிப்போனார். பதிவுக்கு உதவ இருந்த க்வென் ஹாலரன் என்ற ஆலோசகருக்கு, அன்று காலையிலிருந்து இதே பேச்சைப் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது.

"அவளுக்கு அஞ்சுக்கு அஞ்சு வரும். ரெண்டாவதுலயே போட்டுருங்க" என்றார் டுவேன். "மூணு வருஷத்துல முடிச்சுட்டு வந்தா எங்க ஊரு ஆஸ்பத்திரி லேபுலயே வேலை இருக்கு. வீட்டுலேருந்தே போயிட்டு வரலாம்."

"அஞ்சு வரலாம் சார். வராமயும் போகலாம். மார்க் வர்றதுக்கு முன்னாடி நான் என்னத்தைச் சொல்ல?" என்றார் க்வென்.

அதற்குள் பெற்றோர்களுக்குத் தனிக் கூட்டம் என்று வந்து அழைத்தார்கள். டுவேன் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

"இப்ப சொல்லும்மா. பரீட்சை எப்படி எழுதின?" என்றார் க்வென்.

"நல்லாதான் எழுதினேன்."

"அப்ப ரெண்டாவது போடட்டுமா?"

"ரெண்டுலயும் முதல் வகுப்பே போடுங்க மேடம்" என்றாள் கெல்சி. "தெரிஞ்ச பாடத்துல கொஞ்ச நாள் சும்மா உக்காரணும் போல இருக்கு."

க்வென் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "முதல் வகுப்பை எடுத்தா அந்த மார்க்குக்குப் பிரயோஜனம் இல்லாமப் போயிடும். மூணு வருஷம் நாலாயிடும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்பாவுக்கு?"

கெல்சி அப்பா போன கதவைப் பார்த்தாள்.

"நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனா லாரி ஓட்டுறவங்ககிட்ட ரொம்ப நாள் மறைக்க முடியாதும்மா. முன்னாடி பாத்துக்கிட்டே பின்னாடியும் பாப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் கேட்டபடி பதிந்து கொடுத்தார்.

திரும்பும் வழியில் டுவேன், "எல்லாம் ஆச்சா?" என்றார். "ஆச்சுப்பா" என்று சொல்லிவிட்டுக் கெல்சி கதவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அன்று மட்டும் தூக்கம் வரவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

ஜூலையில் மதிப்பெண் வந்த அன்று டுவேன் மிசௌரியில் எங்கோ வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்.

"என்ன வந்துச்சு?"

"ரெண்டுலயும் அஞ்சு."

அவர் சிரித்தது அவளுக்குக் கேட்டது. காபி ஊற்றிக் கொடுக்கும் பெண்ணிடமோ யாரிடமோ, "எம்பொண்ணு, ரெண்டுலயும் அஞ்சு" என்று சொன்னதும் கேட்டது.

"அப்பா, நான் முதல் வகுப்புலதான் பதிஞ்சிருக்கேன்."

"ஏன், ரெண்டாவதுல எடம் இல்லைன்னுட்டாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். அவளுக்கு அந்த வார்த்தை வாய்வரை வந்தது.

"எடம் இருந்துச்சு. நான்தான் வேணாம்னேன்."

"எதுக்கு?"

"மூணு வருஷத்துல முடிச்சா மூணு வருஷத்துல திரும்பி வரணும்ல."

டுவேன் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை வந்தவர் புல் வெட்டும் வண்டியை எடுத்து, முன்பக்கம் வெட்டி, பின்பக்கம் வெட்டி, என்னைக் கேட்காமல் என் புல்லையும் வெட்டினார். லோர்னா ஜன்னலைத் திறக்கச் சொல்லி, "டுவேன், போதும். ஊர்ல உள்ளதையெல்லாம் நீயே வெட்டிடாத" என்று குரல் கொடுத்தாள். பிறகு பக்கத்தில் நின்ற மகளிடம், "நீ தலை சீவி விடுறது எனக்குப் பிடிச்சதே இல்ல, தெரியுமா? வெடுக்கு வெடுக்குன்னு இழுப்ப" என்றாளாம். கெல்சி அதைக் கேட்டுச் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள்.

டுவேன் உள்ளே வந்து நெடுநேரம் கை கழுவினார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "உங்கம்மாவை நாற்காலியிலேருந்து எப்படித் தூக்குவ?"

"கைக்கு அடியில கை குடுக்கணும்பா. முதுகை வளைக்கக் கூடாது. முட்டியை மடக்கணும்."

"காட்டு."

காட்டினாள். முதல் தடவை அவர் அவசரப்பட்டு, லோர்னாவின் கால் செருப்பு கட்டிலுக்கு அடியில் போயிற்று. "மூட்டைன்னு நெனச்சியா?" என்றாள் லோர்னா. இரண்டாவது தடவை சரியாக வந்தது. அந்த மாதக் கடைசியில் அவர் நெடுஞ்சாலை ஓட்டத்தை விட்டுவிட்டு உள்ளூர் ஓட்டத்துக்கு மாறினார். அவருக்கு அது பிடித்த வேலை இல்லை. தினமும் மாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்டில் கெல்சி கிளம்பிப் போனாள். நவம்பரில் நன்றி கூறும் நாள் விருந்துக்கு வீடு வந்தபோது, எங்கள் வேலி ஓரம் நின்று பேசினோம். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. தெரிந்த பாடத்தையே மறுபடி கேட்கச் சலிப்பாக இல்லையா என்று கேட்டேன்.

"ரொம்ப சலிப்பா இருக்கு" என்றாள் அவள். "நல்லா இருக்கு."