வலைக்கும் வாசலுக்கும் ஒரே பெயர்

ருமேனியாவில் காலையில் வேலையிடத்துக்குள் நுழையும்போது எதிரே நிற்கும் ஒவ்வொரு ஆணுக்கும் கை கொடுக்க வேண்டும். நேற்றுதான் பார்த்தோமே என்பதெல்லாம் செல்லாது. வெளியே பனி கொட்டினாலும் கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். வந்த முதல் வாரம் நான் ஒரு கும்பிடு போட்டுத் தப்பிக்கப் பார்த்தேன். எங்கள் கிடங்கின் வாசலில் காவலுக்கு இருக்கும் நேலு விடவில்லை. என் கையுறையின் நுனியைப் பிடித்து அவரே உருவிவிட்டு, கையைப் பற்றிக் குலுக்கினார். அவருடைய சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் கோணலாக விலகி நின்றது. எல்லோரும் அவரை ‘நியா நேலு’ என்கிறார்கள். நியா என்றால் நம்மூர் அண்ணா மாதிரி. அறுபதைத் தாண்டியவருக்கும் அண்ணாதான்.

அவருடைய அறையின் மேல் ‘போர்த்தார்’ என்று எழுதியிருக்கும். வாட்ச்மேன் என்று அர்த்தம். இந்த மொழியில் நான் கற்ற முதல் சொற்களில் அது ஒன்று. ஒருநாள் அவர் என்னைப் பார்த்து, “உன் தாத்தா என்ன செய்கிறார்?” என்று கேட்டார். இவர்களுக்குத் தாத்தா என்றால் அப்பா. எனக்குத் தெரிந்த சொல் ஆயிற்றே, பெருமையாக “போர்த்தார்” என்றேன். மனிதர் அறையை விட்டு ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். “எந்த டீம்?” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. செல்போனைத் திறந்து ஒரு பழைய படத்தைக் காட்டினார். மழைச் சேற்றில் ஒரு இளைஞன் பந்தை நோக்கிப் படுத்தவாக்கில் பறந்துகொண்டிருந்தான். இவர்கள் கோல்கீப்பரையும் போர்த்தார் என்றுதான் சொல்கிறார்கள்!

நேலு பிறந்தது சுரங்க ஊரில். குள்ளமாக இருந்ததால் பெரிய பையன்கள் பிடித்து கோலில் நிறுத்தினார்களாம். பிறகு வளர்ந்துவிட்டார், கோலை விட்டு நகரவில்லை. சுரங்கத்தின் டீமில் ஆடினார். பெரிய நகரத்து கிளப் ஒன்று அழைத்துப் போய் ஒரு சீசன் முழுக்க வெளியே பெஞ்சில் உட்கார வைத்தது. ஒரே ஒரு ஆட்டத்தில் இறக்கினார்கள். பெனால்டியைத் தடுத்தார், சுண்டுவிரல் உடைந்தது, கடைசிவரை ஆடினார். அந்தப் படம்தான் அது. அப்புறம் ஊருக்கே திரும்பி, முழங்கால் போகும்வரை ஆடினார். சுரங்கம் மூடியது, டீமும் கலைந்தது. இப்போது மகன் ஸ்பெயினில் பழம் பறிக்கிறான். நேலு வாசலில் நிற்கிறார். என் அப்பா மாதிரி அவரும் மகனின் ஞாயிற்றுக்கிழமை போனுக்குக் காத்திருப்பவர்தான்.

அன்றே சொல்லியிருக்கலாம், என் அப்பா வேறு மாதிரி போர்த்தார் என்று. சொல்லவில்லை. உண்மையில் கோல்கீப்பர் நான்தான். தாம்பரத்தில் கல்லூரி டீமுக்கு ஆடினேன். அப்பா சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு அபார்ட்மென்ட்டுக்கு வாட்ச்மேன். அனகாபுத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவார். ஒருநாள் டூட்டி முடிந்து, நீல யூனிஃபார்மோடு மைதானத்துக்கு வந்து என் கோலுக்குப் பின்னால் நின்றார். “யார்ரா மச்சான் அது?” என்று ஒருவன் கேட்டான். “எங்க ஏரியா வாட்ச்மேன்டா” என்றேன். அவர் காதில் விழுந்துவிட்டது. சற்று நேரத்தில் பந்து வெளியே போனது. அவர்தான் எடுத்துக் கொண்டுவந்தார். இரண்டு கையாலும் நீட்டி, “இந்தாங்க தம்பி” என்றார். வீட்டில் “டேய் குமாரு”தான், எப்போதும். அன்றிலிருந்து வெளியாள் முன்னால் மட்டும் என்னை ‘டேய்’ என்று கூப்பிட்டதே இல்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. நாலு வருடமாக ஊருக்குப் போகாத எனக்கு இட்லி, மெரினா எதற்கும் ஏக்கமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நாலு பேர் நடுவில் அந்த ஒரு ‘டேய்’யைக் கேட்க மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

போன வாரம் நேலு பிடிவாதம் பிடித்தார். சேலையூர் போர்த்தாரோடு பேசியே ஆக வேண்டுமாம். வீடியோவில் கூப்பிட்டேன். அப்பா டூட்டியில் இருந்தார். பக்கத்தில் குடியிருப்புக்காரர் ஒருவர் பார்சல் வாங்கிக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க தம்பி. யாரு, உங்க ஆபீசரா?”

நேலு ஆர்வமாகக் கேட்டார்: “கோல் விழுந்ததும் பந்தை எடுக்கக் குனிகிறோமே, அப்போது இவர் யாரைத் திட்டுவார்?”

என்னால் அதை மொழிபெயர்க்க முடியவில்லை. “கோல் இல்லை. வீடு. நிறைய வீடு. கேட்” என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ருமேனியனில் உளறினேன். பிறகு அப்பாவிடம், “இங்க கீப்பருக்கும் வாட்ச்மேனுக்கும் ஒரே பேருப்பா. உன்ன கீப்பருன்னு நெனச்சிகினாரு. நானும் சொல்லாம வுட்டுட்டேன்” என்றேன். “அன்னிக்கு கிரவுண்ட்லயும் சொல்லல. எங்கப்பான்னு சொல்லியிருக்கணும்.”

அப்பா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். நாங்கள் தமிழில் பேசியது புரியாவிட்டாலும், நான் முதலில் உளறியதில் நேலுவுக்கு கேட் மட்டும் புரிந்துவிட்டது. அறையின் பலகையைத் தட்டி, “அதுவும் போர்த்தார்தானே!” என்று சிரித்தார்.

“இன்னா சொல்றாரு?”

“ரெண்டு பேருக்கும் ஒரே வேலையாம்பா.”

பார்சல் வாங்கிய குடியிருப்புக்காரர் எட்டிப் பார்த்து, “யாரு போன்ல?” என்றார்.

“என் பையன் சார். வெளிநாட்ல கீறான். ஃபுட்பால்ல கீப்பரு.”

அங்கே கார் ஹாரன் கேட்டது. “டேய் குமாரு, வண்டி வருது. வெச்சிடாதடா, தோ தொறந்துட்டு வரேன்.”

போனை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். திரையில் சேலையூர் வானமும் இரண்டு கேபிள் ஒயரும் மட்டும் தெரிந்தன. கேட் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அதே சமயம் இங்கே ஒரு லாரி வந்து நிற்க, நேலுவும் தடுப்புக் கம்பத்தைத் தூக்கப் போய்விட்டார். திறந்துகொண்டிருந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் நான் நின்றேன். கையுறை இல்லாத கை விறைத்துக்கொண்டு வந்தது. போனை வைக்கவில்லை.