மத்திகிரி ஏரியில் மங்கோலியர்கள்

எங்கள் சித்தப்பா இரண்டாம் உலகப்போரில் இத்தாலிவரை போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தவர். திரும்பி வந்து மத்திகிரி பண்ணையில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் போட்ட சண்டையைப் பற்றி வாயே திறக்கமாட்டார். அதற்குப் பதிலாக எழுநூறு வருஷத்துக்கு முந்தைய சண்டையைச் சொல்வார். மங்கோலியர்கள் ஹங்கேரி தேசத்துக்குள் பாய்ந்த கதை. தீவனக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி அவர் கடிவாளம் பிடித்தால், ஒன்பது வயதான எனக்கு இருப்புக் கொள்ளாது.

ஒருநாள் கதை டான்யூப் ஆற்றுக்கு வந்தது. ஆறு பனியாக உறைந்து கிடக்கிறது. அக்கரையில் ராஜா. பனி குதிரையைத் தாங்குமா? மங்கோலியர்கள் மாடுகளை இக்கரையில் விட்டுவிட்டு ஒளிந்துகொண்டார்கள். ராஜாவின் ஆட்கள் ஆசைப்பட்டுப் பனிமேல் நடந்து வந்து மாடுகளை ஓட்டிப்போனார்கள்.

"தாங்குதுன்னு தெரிஞ்சுபோச்சா? அப்பறம் என்ன, வுட்டான் பாரு குதிரைய!" என்று சித்தப்பா குதித்தார். அந்த நேரம் பார்த்துப் பண்ணை மணி அடித்தது. கதை நின்றுவிட்டது.

மறுநாளே போரைத் தொடங்கினோம். பங்குனி வெயிலில் ஏரி வற்றி, வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எதிர்க்கரையில் அத்தை மகன்தான் ராஜா. அவன் வீட்டு ஆட்டைக் கரைவழியாகக் கடத்தி வந்து, எங்கள் பக்கம் கட்டிவிட்டுப் புங்கமரத்தின் பின்னால் பதுங்கினேன். ஆடு கத்தியது. ராஜா பதறிக்கொண்டு ஏரிக்குள் குறுக்கே ஓடிவந்தான்.

நடு ஏரியில் பாளம் உடைந்தது. அடியில் காயாத சேற்றில் இடுப்புவரை இறங்கிவிட்டான்.

"பனி ஒடஞ்சிருச்சு!" என்று நான் கைதட்டிக் குதித்தேன். அவன் மார்புவரை இறங்கி, "அம்மா" என்று அலறியபோதுதான் கை நின்றது. பண்ணைக்கு ஓடினேன்.

சித்தப்பா மூங்கில் தட்டியோடும் கயிற்றோடும் வந்தார். தட்டியைச் சேற்றில் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து நகர்ந்து போய், அவன் அக்குளில் கயிற்றை மாட்டினார். கூட வந்த பண்ணை ஆட்கள் கரையிலிருந்து இழுத்தார்கள். ராஜா வந்துவிட்டான், அவனுடைய டவுசர் வரவில்லை.

"இவன யாரு மொதல்ல எறக்குனது?"

"நாந்தான் சித்தப்பா. நீங்க சொன்ன மாதிரியே ஆட்டக் கட்டி வரவெச்சேன்!"

பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். களைப்பு போலும் என்று நினைத்து, சும்மா இருக்கமாட்டாமல் கேட்டேன்: "அப்பறம் அந்த ராஜாவப் புடிச்சாங்களா?"

"தெரியாது கண்ணு. மொதல்ல எறங்குனவனுக்கு மிச்சக் கதை எங்க தெரியப்போவுது?"

அவர் சொன்னது ஹங்கேரியைப் பற்றியல்ல, இத்தாலியைப் பற்றி என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கதையை மறந்துவிட்டு மழுப்புகிறார் என்றே நினைத்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் ராஜாவை நானே பிடித்து, கட்டி இழுத்துவந்து, கதையை முடித்துவைத்தேன்.