அவள் பக்கம் மட்டும் ஒரு பொத்தான்

நியூஜெர்சி பிஸ்கட்டவேயில் இருக்கும் எனக்கும் டெக்ஸாஸில் இருக்கும் என் தங்கைக்கும் பேச்சு நின்றுபோனதற்குக் காரணம் ஒரு வாட்ஸ்அப் குரூப். அவள் புது வீடு வாங்கினாள். கிரகப்பிரவேச அழைப்பை குரூப்பில் போட்டாள். ஆபீஸ் சிநேகிதிகள், யோகா கிளாஸ் ஆன்ட்டிகள், முன்பு குடியிருந்த அபார்ட்மெண்ட்காரர்கள் எல்லாரும் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அந்தக் கும்பலோடு கும்பலாக நானும் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கூடப் பிறந்தவளுக்குத் தனியாக ஒரு போன் கிடையாதா? நான் என்ன ரோட்டில் போகிறவளா? போகவில்லை. "சொந்த அக்காவே வரல" என்று அன்று முழுக்க அழுதாளாம். நன்றாக அழட்டும் என்று இருந்துவிட்டேன்.

அதெல்லாம் போன வருஷக் கதை. இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். அம்மா அப்பா இரண்டு பேரும் இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான், அவ்வளவுதான் எங்கள் பிறந்த வீடு. அவள் வாயும் வயிறுமாக இருப்பதை நான் போட்டோவில்தான் பார்த்தேன், அதுவும் என் வீட்டுக்காரர் போனில், அவர் குளிக்கப் போயிருந்தபோது. பிள்ளை பிறப்பதற்குள் அவளோடு பேசிவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் முதலில் கூப்பிடுவது நானாக இருக்கக் கூடாது. என் பெயர் அவள் போனில் மிஸ்டு கால் என்று விழுந்தால் அதைவிட மானக்கேடு வேறென்ன இருக்கிறது?

என் வீட்டுக்காரரும் அவள் வீட்டுக்காரரும் மட்டும் தினம் பேசிக்கொள்வார்கள். சகலைகள் இரண்டு பேரும் அப்படி ஒரு ஒற்றுமை. நான் சொன்னதை அங்கே, அவள் சொன்னதை இங்கே, காரத்தைக் குறைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு யோசனை வந்தது. நான் கம்ப்யூட்டர் சர்வரோடு மாரடித்துச் சம்பளம் வாங்குகிறவள். இரண்டு ஊரில் இருக்கும் இரண்டு பிரவுசர்கள் நேருக்கு நேராகவே பேசிக்கொள்ள முடியும். என்ன, ஒன்றுக்கு இன்னொன்று எங்கே இருக்கிறது என்று தெரியாது. அந்த விலாசத்தை மட்டும் மாற்றிக்கொடுக்க நடுவில் ஒரு குட்டி சர்வர் வேண்டும். சிக்னலிங் சர்வர் என்பார்கள். கல்யாணத் தரகர் மாதிரி: ஜாதகத்தைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும், குடும்பம் நடத்துவது அவர்கள் பாடு. ஒரு வெப் பக்கத்தை நான் திறந்து வைத்திருப்பேன், அவளும் அதையே திறப்பாள், பேசலாம். போன் இல்லை, மிஸ்டு கால் இல்லை, மானமும் போகாது.

"ஏங்க, உங்க சகலைகிட்ட சொல்லுங்க. நான் ஒரு ப்ராஜக்ட் பண்றேன். வேற ஊர்லேர்ந்து ஒருத்தர் டெஸ்ட் பண்ணணும்."

"யாரு டெஸ்ட் பண்ணணும்?" என்றார் தோசையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அங்க யாரோ டெஸ்டிங் டீம்ல வேலை பாக்கறாங்கல்ல, அவங்கதான்."

என் தங்கை டெஸ்டிங்கில் லீட். அடுத்தவர் எழுதிய புரோகிராம் கோடில் ஓட்டை, அவள் பாஷையில் 'பக்', கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவள். இவர் போன் செய்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். போனில் சகலைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது: "பண்றேன்னு சொல்லுங்க. ஆனா அந்த டெவலப்பரோட நான் பேச மாட்டேன்."

டெவலப்பராம். கொழுப்பைப் பார்த்தீர்களா?

ஷூ ஸ்டாண்டுக்குக் கீழே சும்மா கிடந்த பழைய குட்டிக் கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுத்தேன். சர்வர் சுலபமாக முடிந்துவிட்டது. யார் வந்திருக்கிறார் என்று பார்க்கும், ஒருவர் கொடுத்ததை இன்னொருவரிடம் தள்ளிவிடும், வேறொன்றும் தெரியாது அதற்கு. சிக்கல் ஒரே இடத்தில்தான். இரண்டு பிரவுசரில் ஏதாவது ஒன்று முதலில் கூப்பிட வேண்டும், மற்றது பதில் சொல்ல வேண்டும். இரண்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் விடிய விடிய உட்கார வேண்டியதுதான்.

யார் கூப்பிடுவது என்பதில் எனக்கு யோசிக்க எதுவுமே இருக்கவில்லை. அவள் திறக்கும்போது 'கூப்பிடு' என்று ஒரு பச்சைப் பொத்தான் வரும்படி செய்தேன். என் பக்கம் 'காத்திருக்கவும்' என்ற எழுத்து மட்டும். கோடில் அந்த வரிக்கு மேலே, புரோகிராம் எழுதுகிறவர்கள் குறிப்பு எழுதி வைப்பார்கள் இல்லையா, அப்படி நானும் ஒன்று எழுதினேன்: 'அவளே முதலில் கூப்பிடட்டும். திமிர் அடங்கட்டும்.' ஆபீஸிலும் எனக்கு இந்தப் பழக்கம் உண்டு. மேனேஜரைப் பற்றி மனசில் இருப்பதைத் தமிழில் எழுதி வைப்பேன், அங்கே படிக்க ஆளில்லை.

மத்தியானம் தலை வாரி, பொட்டு வைத்து, நல்ல குர்தி போட்டுக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். அவள் உள்ளே வந்துவிட்டாள் என்று சர்வர் காட்டியது. அவள் பொத்தானை அழுத்தினால் போதும், முகம் வந்துவிடும். அழுத்தவில்லை. டீ ஆறிப்போனது. அப்போதும் அழுத்தவில்லை.

இவர் போன் அடித்தது. சகலை. ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, அவ ஏதோ பக்கத்தோட கோடைத் தொறந்து படிச்சா. மூஞ்சியே மாறிடுச்சு. என்னண்ணே எழுதி வச்சிருக்காங்க அண்ணி?"

ஐயோ! நெற்றியில் அடித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பை சர்வரில் எழுதியிருந்தால் ஷூ ஸ்டாண்டுக்குக் கீழேயே கிடந்திருக்கும். நான் எழுதியது பிரவுசருக்குப் போகும் பக்கத்தில். அதை யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். காலேஜ் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். கோபத்தில் எனக்கு மறந்தே போயிருந்தது.

பின்னாலிருந்து அவள் குரல், ஆபீஸ் மீட்டிங்கில் பேசுகிற மாதிரி வந்தது. "எழுதிக்கச் சொல்லுங்க. பக் ஒண்ணு: ஒரு பக்கம் மட்டும்தான் கூப்பிட முடியுது. பக் ரெண்டு: திமிர் டெவலப்பருக்கு. ரெண்டுமே ஹை பிரயாரிட்டி. ஃபிக்ஸ் பண்ணலேன்னா நான் லேப்டாப்ப மூடிட்டுப் படுக்கப் போறேன், டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க."

இவர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். "சிரிச்சீங்க, ராத்திரி சோறு கிடையாது" என்றேன். அவர் பொத்திய கையை எடுத்துவிட்டு, "மூடிட்டான்னா அப்புறம் எப்பம்மா பேசுவ?" என்று மெதுவாகக் கேட்டார்.

சனியன் பிடித்த பொத்தான்! கோடைத் திறந்து, குறிப்பை அழித்து, பொத்தானை என் பக்கம் மாற்றினேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பு விட்டேன். அழுத்தினேன்.

அவள் வந்துவிட்டாள். கன்னம் உப்பி, மூக்கு வீங்கி, தலைகூட வாராமல், நைட்டியில். யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"என்னடி மூக்கு இப்படி வீங்கியிருக்கு?"

"நீ மட்டும்? நல்லா வெயிட் போட்டிருக்க."

அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். நடுவில் அவள், "எக்கோ வருது, ஹெட்ஃபோன் போடு" என்று மூன்றாவது பக்கையும் சொன்னாள். எழுந்து நின்று வயிற்றைக் காட்டினாள். நான் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பைத்தியக்காரி மாதிரி.

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? ஊரிலிருந்து அவள் மாமியார் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்தே ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. "உங்க மாமியார் வளைகாப்பு என்னிக்கு வச்சிருக்காங்க? என்னைக் கூப்பிடறதா இருக்கியா, இல்ல அதையும் குரூப்லதான் போடுவியா?"

"அத்தை ரெண்டு தடவை கேட்டாங்க, நாங்களே வச்சுடட்டுமான்னு. நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏண்டி?"

"அது பொறந்த வீட்டுலதானேக்கா பண்ணுவாங்க. நீ கூப்பிடுவேன்னு இருக்கேன்."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"அக்கா? கேக்குதா?" அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்து, ஹெட்ஃபோனைத் தட்டிப் பார்த்தாள். "ஆடியோ போயிடுச்சா? அக்கா?"